ஃபோக்ஸ்வேகன் மார்க் 5 கோல்ஃப் ஜிடிஐ இழுக்கலையா? டர்போவ மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

சுங்கை சிப்புட்ல எஸ்டேட் ரோட்டுல செம்பனை லோரிய ஓவர்டேக் பண்ண மிதிச்சா காடி இழுக்கலன்னதும் உடனே டர்போ போச்சுன்னு சொல்ற ஆளுங்கள நம்பி காச கொட்டாதீங்க தம்பிங்களா, 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுன 2.0 டிஎஃப்எஸ்ஐ இஞ்சின்ல அதவிட சின்ன சாமான் கெட்டிருக்கவும் சான்ஸ் இருக்கு.

மொதல்ல ஸ்கேனர் போடுங்க. பி0299ங்கிற எரர் கோட் வந்தா பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தழுத்தம், பத்தல. ஹோஸ், கிளிப் எல்லாம் லீக் பாருங்க, அப்புறம் டைவெர்ட்டர் வால்வ (ஆக்சிலேட்டர விட்டதும் மிச்ச பூஸ்ட்ட திருப்பி விடுறது) கழட்டுங்க, பழைய மாடல்ல உள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கும், வெளிச்சத்துல புடிச்சா கிழிசல் தெரியும்.

பி0087னா பெட்ரோல் பிரஷர் பத்தல. இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், கேம் ஃபாலோவர பாக்காம விடாதீங்க. பெட்ரோல தள்ளுற ஹை பிரஷர் பம்ப்புக்கு அடியில, கேம்ஷாஃப்ட் அழுத்துற எடத்துல சின்ன கப்பு மாதிரி இருக்கும், மூடியிருக்குற பக்கம் கருப்பு கோட்டிங் போய் வெள்ளிக் கலர் தெரிஞ்சா மாத்திருங்க, ஓட்டை விழுந்துட்டா பம்ப்பையும் கேம்ஷாஃப்ட்டையும் சேத்து தின்னுரும். லைன்ல பிரஷர் 100 பாருக்கு மேலயும் போகும், அதனால இஞ்சின் நல்லா ஆறி பிரஷர இறக்குனப்புறம்தான் கழட்டணும்.

மிஸ்ஃபயரா, அதாவது ஒரு சிலிண்டர் சரியா எரியலையா? ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில வேற சிலிண்டருக்கு மாத்துங்க, எரர் கோடும் அந்த சிலிண்டருக்கு மாறுனா காயில்தான். காலைல ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் குலுங்குதுன்னா இன்டேக் வால்வுல கரி புடிச்சிருக்கலாம், இது டைரக்ட் இன்ஜெக்ஷன், வால்வ பெட்ரோல் கழுவாது, பெட்ரோல்ல ஊத்துற கிளீனர் அங்க போகவே போகாது, இன்டேக் மெனிஃபோல்ட (இஞ்சினுக்கு காத்து போற குழாய்) கழட்டி சுத்தம் பண்ணணும்.

ஆர்பிஎம் ஏறி ஸ்பீட் ஏறலன்னா கிளட்ச்ச பாருங்க.