புரதச் சுத்திகரிப்பு: லேபிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபில் ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைக் காலையில் சுத்திகரிப்பு உருளையில் லோட் செய்தால், சாயங்காலத்துக்குள் தூய புரதம் கைக்கு வந்துவிடும். அதையே தொழிற்சாலையில் செய்ய எல்லா எண்களையும் ஆயிரத்தால் பெருக்கினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

ரெசின், அதாவது புரதத்தைப் பிடிக்கும் சின்ன மணிகள், நிரப்பிய உருளையையே எடுத்துக்கொள்வோம். 1 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் என்றால் சுமார் 16 மி.லி. ரெசின் பிடிக்கும். உயரத்தைத் தொடாமல் விட்டத்தை மட்டும் 100 செ.மீ. ஆக்கினால் 157 லிட்டர். திரவம் ஓடும் மணிக்கு 150 செ.மீ. வேகத்தையும் மாற்றாவிட்டால், புரதம் ரெசினோடு இருக்கும் நேரம் இரண்டிலும் அதே 8 நிமிடம்தான். ஆனால் அழுத்தம் அப்படியே இருக்காது. சின்ன உருளையில் சுவரே ரெசின் மணிகளைத் தாங்கிப் பிடிக்கிறது. அகன்ற உருளையின் நடுவில் அந்தப் பிடிமானம் கிடையாது. அகரோஸ் மாதிரி மென்மையான மணிகள் நசுங்கி அழுத்தம் ஏறும். அகன்ற உருளையில் ஓட்டிப் பார்க்காமல் வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது காத்திருப்பு. என் பார்வையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். 2,000 லிட்டர் அறுவடையை, அதாவது ஆன்டிபாடியை உருவாக்கிய செல்கள் வளர்ந்த திரவத்தை, வடிகட்டவே பல மணி நேரம் ஆகும். அதற்குள் உடைந்த செல்களிலிருந்து வெளிவரும் தியோரெடாக்சின் நொதிகள், காற்றில்லாத டேங்கில் ஆன்டிபாடியின் சங்கிலிகளை இணைக்கும் டைசல்பைடு பிணைப்புகளை அறுத்துவிடலாம். லேபின் சின்னக் குடுவையில் காற்று படுவதால் இது கண்ணிலேயே படாது. அறுவடைத் திரவத்தைக் காற்றுப் புகாத பையில் ஓரிரு நாள் வைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். சங்கிலிகள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால், தொழிற்சாலையில் குளிர்வித்து, டேங்கில் காற்றையும் விட வேண்டியிருக்கும்.

வைரஸ்களைச் செயலிழக்கச் செய்ய pH 3.6 வாக்கில் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம். அப்புறம் காரம் சேர்க்க வேண்டும். பீக்கரில் விட்ட சொட்டு நொடியில் கலந்துவிடும். 500 லிட்டர் டேங்கில் மேலிருந்து ஊற்றினால், விழுந்த இடத்தில் மட்டும் pH எகிறி, வெள்ளையாகத் திரிதிரியாகத் திரளும். கலக்கும் விசிறிக்குப் பக்கத்தில் மெதுவாகச் செலுத்துங்கள். இதற்கு ஆகும் நேரமும் அந்த ஒரு மணியோடு சேரும். புரதம் இரண்டு மணி நேரமாவது தாங்குகிறதா என்று முன்னதாகவே சோதித்துவிடுங்கள்.

pH-ஐ நிலையாக வைக்கப் பயன்படும் டிரிஸ் பஃபர் கரைசலின் pH வெப்பநிலைக்கு ஏற்ப மாறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 pH. 4 டிகிரி குளிர் அறையில் 8.6 காட்டிய பஃபர், 25 டிகிரி தொழிற்சாலைத் தளத்தில் 8.0 காட்டும். மின்னூட்டத்தால் புரதத்தைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்ற ரெசினில் இந்த 0.6 போதும், ஒட்ட வேண்டியது ஒட்டாமல் போக. செய்முறையில் pH எழுதும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதுங்கள்.

ரெசினும் அப்படித்தான். லேபில் எப்போதும் புதுசு. தொழிற்சாலையிலோ ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ ரெசினின் விலையால் அதையே நூறு முறைக்கு மேல் கூடப் பயன்படுத்துவார்கள். காஸ்டிக் சோடாவில் பலமுறை கழுவிய பழைய ரெசினில் சாம்பிள் இல்லாமல் வெறும் பஃபரை ஓட்டி, முந்தைய பேட்ச்சின் புரதம் வெளிவருகிறதா என்று பாருங்கள்.