பாடிக்குக் கொஞ்சம், லென்ஸுக்கு மிச்சம்: முதல் கேமரா வாங்குறது எப்படி

என் தங்கச்சி மகன் போன மாசம் இங்க சிங்கப்பூர்ல என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சான். முடிச்ச கையோட வந்து, "மாமா, 1,000 வெள்ளி சேத்து வெச்சிருக்கேன், எந்தக் கேமரா வாங்கலாம்?"னு கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன், முதல் தடவையா வாங்குற யாருக்கும் இது பொருந்தும்.

ஸ்டெப் 1: மெகாபிக்சலை மறந்துடுங்க

24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000 புள்ளி. ஏ3 அளவுல பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டுனாலும் தெளிவா இருக்கும், 2014ல வந்த சோனி ஏ6000லயே இது இருக்கு. அதனால அந்த நம்பரை விட்டுட்டு, நீங்க எதை எடுக்கப் போறீங்கன்னு யோசிங்க. வீட்டுல பிறந்தநாள், கோயில் திருவிழா, சிராங்கூன் ரோட்டு தீபாவளி ஒளியூட்டு... எல்லாமே வெளிச்சம் கம்மியான இடம், ஆளுங்களும் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க. அப்போ இருட்டுல படம் எப்படி வருது, ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் பிடிக்குது, இது ரெண்டுதான் முக்கியம்.

ஸ்டெப் 2: கையில வாங்கிப் பாருங்க

ஆன்லைன்ல படத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்குனா பெனின்சுலா பக்கம் வரிசையா கேமரா கடைங்க இருக்கு, பழசும் கிடைக்கும், புதுசும் கிடைக்கும். பிடிக்கும்போது சுண்டு விரல் அந்தரத்துல தொங்குதான்னு பாருங்க, தொங்குனா தைப்பூசத்துல பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி கூடவே நடக்குறப்ப கை வலி தாங்காது. கண்ணை வெச்சுப் பாக்குற வியூஃபைண்டர் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, ஏன்னா நம்ம ஊரு மத்தியான வெயில்ல ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியாது, சோனி இசட்வி-ஈ10 மாதிரி சிலதுல அது கிடையவே கிடையாது. பேட்டரியும் ஒரு விஷயம்: நிக்கான் டி3500 ஒரு சார்ஜுக்கு 1,550 படம்னு கணக்கு சொல்றாங்க, ஏ6000க்கு 360 பக்கம்தான். ஏ6000 மாதிரி மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத வகை) வாங்குனா கூடவே இன்னொரு பேட்டரியும் வாங்கிடுங்க.

ஸ்டெப் 3: காசை லென்ஸுல போடுங்க

இங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. இருக்குற காசு மொத்தத்தையும் புது பாடியில (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) கொட்டிட்டு, கூட வர்ற 18-55 கிட் லென்ஸோட நின்னுடுறாங்க. அந்த லென்ஸை 55க்கு ஸூம் பண்ணா திறப்பு எஃப் 5.6தான் (எஃப் நம்பர் சின்னதா இருந்தா திறப்பு பெருசு). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். நம்ம வீட்டு ஹால்ல ராத்திரி ஒரு குழந்தை ஓடுதுன்னு வைங்க, கிட் லென்ஸுல ஷட்டர் 1/50 நொடி கிடைச்சா முகம் கலங்கிப் போயிடும், அதே ஐஎஸ்ஓல (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுற உணர்திறன்) எஃப் 1.8க்கு 1/500 கிடைக்கும், சிரிக்கும்போது தெரியுற பல்லு வரைக்கும் அப்படியே நிக்கும். எங்க அம்மா சாமி மாடத்துல விளக்கேத்துறதை நான் ஃபிளாஷ் இல்லாம எடுத்தது இப்படித்தான், திரி வெளிச்சம் மட்டும் கன்னத்துல விழுந்திருக்கும்.

அதனால என் கணக்கு, பழைய பாடி, நல்ல 1.8 லென்ஸ் ஒண்ணு. நிக்கான் டி3500னா 35 மிமீ 1.8ஜி போதும். ஆனா ஜாக்கிரதை, அந்த பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டர் கிடையாது, விலை கம்மியா இருக்கேன்னு பழைய 50 மிமீ 1.8டி வாங்குனீங்கன்னா கையாலதான் திருப்பி ஃபோகஸ் பண்ணணும். ஏஎஃப்-எஸ்னு (லென்ஸுக்குள்ளயே மோட்டர் இருக்குன்னு அர்த்தம்) எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க.

ஸ்டெப் 4: பழசு வாங்கும்போது செக் பண்றது

பழசு வாங்கி விக்கிற கேரோசல் ஆப்ல பேசி எம்ஆர்டி கேட்டுகிட்ட கைமாத்துறவங்களுக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும். லென்ஸைக் கழட்டி, பின்பக்கம் இருந்து போன் டார்ச்சை அடிச்சு, முன்பக்கமா சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் நூலா தெரிஞ்சா ஃபங்கஸ், எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம். அப்புறம் எஃப் 16ல வெச்சு வெள்ளைச் சுவரை ஒரு படம், அதைப் பெருசு பண்ணிப் பாத்தா சென்சர்ல இருக்குற தூசி கறுப்புப் புள்ளியா தெரியும். தூசின்னா சுத்தம் பண்ணிக்கலாம், பயப்பட வேணாம்.

ஸ்டெப் 5: டிரை பாக்ஸ்

இதை வாங்க மறந்துடாதீங்க. நம்ம ஊருல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. என் முதல் லென்ஸை லெதர் பைக்குள்ள போட்டு அலமாரியில துணிக்கு நடுவுல வெச்சிருந்தேன், சில மாசம் கழிச்சு எடுத்தா கண்ணாடி ஓரம் பூராவும் வெள்ளை நூலு, அதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லும் சின்ன மீட்டரும் போட்டு 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கிட்டாப் போதும். ஏர்கான் ரூமுல இருந்து வெளிய வந்தவுடனே பையில இருந்து எடுக்காதீங்க, லென்ஸுல பனி மாதிரி படிஞ்சுடும், 20 நிமிஷம் பையிலயே இருக்கட்டும்.

ஸ்டெப் 6: முதல் வாரம்

டயலை ஏ-ல வைங்க (திறப்பை நீங்க வைப்பீங்க, ஷட்டரைக் கேமரா பாத்துக்கும்), திறப்பு 1.8, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஐஎஸ்ஓ மெனுவுல குறைஞ்சபட்ச ஷட்டர் 1/250னு போட்டுடுங்க. வாய்ட் டெக்குக்கு (புளோக் கீழ்த்தளத்துல இருக்குற திறந்த இடம்) இறங்கிப் போய் அங்க படுத்திருக்குற பூனையை எடுங்க, ஃபோகஸ் புள்ளியை அது கண்ணு மேல வெச்சு. 1.8ல கிட்ட இருந்து எடுக்கும்போது ஒரு கண்ணு தெளிவா இருக்கும், இன்னொரு கண்ணு மங்கலா இருக்கும். அப்படியே 2.8, 4, 5.6னு மாத்தி மாத்தி அதே பூனையை எடுத்து, வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.