பழைய பவர் சப்ளைக்குப் புது வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரிலிருந்து கழற்றிய பவர் சப்ளை (லைன் கரண்டை 12 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டி) ஒன்று கைக்கு வருகிறது. லேபிளில் 12 வோல்ட், 100 ஆம்ப் என்று இருக்கிறது. இதை வைத்து எதை வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் என்று உடனே தோன்றும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. வேலையை முதலில் முடிவுசெய்துவிட்டுச் சப்ளையை அதற்குள் திணிக்காதீர்கள். சப்ளையின் குணத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வேலையைக் கொடுங்கள்.

லேபிளை முழுதாகப் படிக்க வேண்டும். சில சர்வர் சப்ளைகள் 200-240 வோல்ட் இன்புட்டில் 1200 வாட் தரும். 100-120 வோல்ட்டில் அதே பெட்டி 900 வாட்தான் தரும். கம்ப்யூட்டர் சப்ளையில் 18 ஆம்ப் என்று இரண்டு 12 வோல்ட் லைன்கள் இருந்தால் 36 ஆம்ப் என்று கூட்டிவிடுகிறார்கள். கீழே சின்ன எழுத்தில் ‘மொத்தம் 360 வாட்’ என்றிருந்தால், உண்மையில் கிடைப்பது 30 ஆம்ப். பின்புறம் 115/230 சுவிட்ச் உள்ள பழைய மாடலை 115-ல் வைத்து 230 வோல்ட் லைனில் சொருகினால் அதோடு அதன் கதை முடிந்தது.

பிளக்கில் சொருகியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இவை ஆன் சிக்னலுக்காகக் காத்திருக்கும். கம்ப்யூட்டர் சப்ளையில் பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்தால் போதும். சர்வர் சப்ளையில் பின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். ஏதோ இரண்டு பின்னை ஒயரால் தொட்டுப் பார்த்தால், சப்ளை ஆன் ஆகாதபோதும் நிற்கும் ஸ்டாண்ட்பை வோல்டேஜ், சிக்னல் பின்னில் ஏறி கன்ட்ரோல் சர்க்யூட்டே போய்விடலாம். மாடல் எண்ணுக்குரிய பின் விவரத்தைத் தேடி எடுத்த பிறகே இணைப்பது நல்லது.

அடுத்தது ஒயர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டு ஒயரிங்கில் தாராளமாகத் தெரியும் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். அதில் 50 ஆம்ப் ஓடினால் சுமார் 0.7 வோல்ட் ஒயரிலேயே விழும். 35 வாட் வெப்பம் ஒயருக்குள்ளேயே உண்டாகும். இன்சுலேஷன் இளகத் தொடங்கிவிடும். ஒயரைவிட மோசம் இணைப்புகள். ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்து அங்கே 10 மில்லிஓம் மின்தடை இருந்தால்கூட, 50 ஆம்பில் அந்த ஒரு புள்ளியில் 25 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை அங்கே ஒட்டிவைத்ததற்குச் சமம். தடித்த ஒயர், ஒயர் முனையில் நன்றாக கிரிம்ப் செய்த (அழுத்திப் பொருத்திய) உலோக லக், குறுகிய நீளம் ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். லோடு கொடுத்துச் சில நிமிடம் ஓட்டியபின் சப்ளையின் முனையிலும் லோடின் முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவும் வழியில் வெப்பமாகிறது.

‘12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது’ என்ற எண்ணமும் ஆபத்தானது. ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் 100 ஆம்ப் வரை தாராளமாகத் தரும் முனைகளுக்கு நடுவே மோதிரமோ ஸ்பேனரோ விழுந்தால் சுட்டுவிடும். சப்ளையின் பாதுகாப்பு தன் முழு கரண்டைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். 10 ஆம்ப் தாங்கும் மெல்லிய ஒயர் அதற்கு முன்பே எரிந்துவிடும். எனவே ஒவ்வொரு கிளைக்கும் அதன் ஒயருக்கேற்ற டிசி ஃபியூஸ் போடுங்கள்.

மூடியைத் திறப்பது அவசியமா என்று இருமுறை யோசியுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் டிசி வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கும் என்று நம்பக் கூடாது. மீட்டரால் அளக்காமல் கை வைக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வதும் வேண்டாம்.

நேரடியாக பேட்டரி சார்ஜராக மாற்றுவதும் சரிவராது. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுதாக ஏற 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கரண்டைக் கட்டுப்படுத்தும் வசதியும் இந்தச் சப்ளைகளில் பொதுவாக இல்லை.

எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்பட வைப்பது, இரண்டு சப்ளைகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. பல மாடல்களில் நெகட்டிவ் முனை, எர்த் செய்த உலோகப் பாடியோடு சேர்ந்திருக்கும். தொடராக இணைத்ததும் எர்த் வழியாக ஷார்ட் ஆகும். எர்த்தை வெட்டினால் அந்த ஷார்ட் போகும், ஆனால் உள்ளே இன்சுலேஷன் பழுதானால் பெட்டியின் உலோகப் பாடி முழுவதும் லைன் வோல்டேஜ் நிற்கும், ஃபியூஸும் போகாது. 24 வோல்ட் வேண்டுமென்றால் 24 வோல்ட் சப்ளையையே தேடிப் பிடியுங்கள்.