கன்னியாவை எந்த அலுமாரியில் தேடுவது?

"ரீச்சர், கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிப் புத்தகம் இருக்கா?" செயற்றிட்டம் தொடங்கும் காலத்தில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. திருகோணமலையில் ஒரு பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அந்தப் பெயரில் தனிப் புத்தகம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. கன்னியாவைப் பற்றிய விஷயம் நான்கைந்து அலுமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. அதை எடுக்கத் தெரிந்துவிட்டால் வேறு எந்தத் தலைப்பையும் தேடிக்கொள்ளலாம்.

அலுமாரிக்குப் போவதற்கு முன் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் தண்ணீர் ஏன் சூடாக இருக்கிறது? இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அந்த இடத்தில் நீர் எடுத்தான் என்ற கதை எப்படிச் சொல்லப்படுகிறது? இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு ஏன் அங்கே போகிறார்கள்? மூன்றும் கன்னியாதான், ஆனால் மூன்றுக்கும் போகும் தட்டு வேறு.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது தூயி தசமப் பகுப்பு எண். மெல்வில் தூயி என்ற அமெரிக்க நூலகர் 1876இல் வெளியிட்ட முறை. அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவாக வைக்கிறது. வெந்நீரூற்று போன்ற புவியியல் விஷயங்கள் 551இல். இராவணன் கதைக்கு 398, அதாவது நாட்டார் வழக்காற்றைப் பாருங்கள். கிரியைகளுக்கு 294.5, இந்து சமயம். இலங்கையின் இடங்களைப் பற்றிய நூல்கள் 915.493இல், வரலாறு 954.93இல். சிறிய நூலகங்களில் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களை விட்டுவிடுவார்கள். அப்போது முதல் மூன்று இலக்கமே போதும்.

நூலை எடுத்ததும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டாம். பொருளடக்கத்தைப் பாருங்கள், அப்புறம் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் பாருங்கள். 'கன்னியா' அகப்படாவிட்டால் 'வெந்நீரூற்று', 'திருகோணமலை', 'நிலத்தடி நீர்' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பல பிள்ளைகள் கன்னியாவின் சூட்டுக்கு எரிமலைதான் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலையே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி, மறுபடி மேலே வருகிறது. 551இல் ஒரு நல்ல நூலை அரை மணி நேரம் புரட்டினால் இந்தப் பிழை வராது. எடுத்த குறிப்புக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் பெயர், நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் நான்கையும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கலைக்களஞ்சியம், பெரிய அகராதி, தேசப்படம் எல்லாம் உசாத்துணைப் பகுதியில் இருக்கும். அவற்றை வீட்டுக்குத் தரமாட்டார்கள். மற்றவற்றை இரவல் வாங்கலாம். நீங்கள் தேடும் நூல் வேறொருவர் கையில் இருந்தால், திரும்பி வந்ததும் எடுத்து வைக்கச் சொல்லி உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இதைக் கேட்பதற்குப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் எங்களுக்குச் சந்தோஷம்.

சாதாரண தரமும் உயர்தரமும் எழுதப் போகிறவர்கள் கடந்தகால வினாத்தாள்களைக் கேட்பார்கள். அவற்றோடு புள்ளியிடும் திட்டத்தையும் கேளுங்கள். எந்த வரிக்குப் புள்ளி கிடைக்கிறது என்பது அதில்தான் தெரியும். அறிவியல் நூல் எடுக்கும்போது பின்னட்டையையும் ஒருமுறை பாருங்கள். அங்குள்ள ISBN என்ற சர்வதேச நூல் எண்ணில் 978க்கு அடுத்து 955 அல்லது 624 இருந்தால் இலங்கைப் பதிப்பு. இந்தியப் பதிப்புகளில் விளக்கம் நன்றாக இருக்கும், தாராளமாக வாசியுங்கள். ஆனால் அங்கே ஆக்சிஜன் என்றிருப்பதைப் பரீட்சையில் ஒட்சிசன் என்றுதான் எழுத வேண்டும்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வருகிறவர்களை நான் உள்ளூர் எழுத்தாளர்களின் தட்டுக்குத்தான் முதலில் கூட்டிப்போவேன். 1895இல் 'மோகனாங்கி' என்ற சரித்திர நாவலை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊரவர். கவிஞர் பிரமிள் 1939இல் இங்கே பிறந்தவர். 'தோணி' எழுதிய வ. அ. இராசரத்தினம் மூதூர்க்காரர். இவர்களுடைய நூல்கள் உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டால் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள், இலவசமாக வாசிக்கலாம். நூலின் பெயரில் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். முதலெழுத்தைச் சிலர் புள்ளியோடும் சிலர் இடைவெளியோடும் எழுதுவதால் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாரி மழைக் காலத்தில் ஒரு வேண்டுகோள். புத்தகப் பைக்குள் ஒரு பொலித்தீன் பை வைத்திருங்கள். எங்கள் கடற்காற்றின் ஈரத்திலேயே தாளில் பூஞ்சணம் பிடிக்கிறது. நனைந்தால் சொல்லவே வேண்டாம். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். நிழலில் மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களை விரித்து நிறுத்தி வையுங்கள். கிழிந்ததைச் செலோட்டேப்பால் ஒட்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும்.

நீங்கள் தேடி இல்லாமல் போன நூலின் பெயரையும் ஆசிரியரையும் ஒரு துண்டில் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு முன் கொடுத்தால் இன்னும் நல்லது. நூல் அன்பளிப்புச் செய்ய விரும்புகிற பழைய மாணவர்கள் "என்ன வேண்டும்?" என்று கேட்கும்போது, அந்தத் துண்டுகளைத்தான் நான் எடுத்துக் காட்டுகிறேன்.