சுரங்கத்தின் அருகே கிணற்று நீருக்குக் கணக்கு வைப்பது எப்படி?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே உள்ள மணற்படுகையில் நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அந்த அழுத்தத்தைத் தணிக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகுந்துவிடும் என்பதால், சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி இரவும் பகலும் இறைக்கிறார்கள். இந்த இறைப்பின் விளைவு சுரங்க வேலியோடு நிற்பதில்லை. ஆனால் உங்கள் கிணறு வற்றியதற்குக் காரணம் அதுவா, மழைக்குறைவா, பக்கத்து வயலின் மோட்டாரா என்பதை எழுதி வைத்த அளவு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

ஊரில் குறைந்தது இரண்டு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று திறந்த கிணறு, மற்றது ஆழமான போர். திறந்த கிணறு மேல்மண்ணின் நீரைக் காட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த தையில் ஏறிக் கோடையில் இறங்குவது அதன் இயல்பு. அடைபட்ட படுகையைத் தொடும் போர், மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் இறங்கிக்கொண்டே போனால்தான் இறைப்பின் மீது சந்தேகம் கொள்ள இடமுண்டு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் கணக்கு பாழ்.

கிணற்று விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, எப்போதும் அதிலிருந்தே அளவு நாடாவை இறக்குங்கள். வாரம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முன், விடியற்காலையில் அளப்பது நல்லது. போரில் மூடி இறுக்கமாக இருந்தால் நாடா நுழையாது. அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது அரை அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் கூடவே இறக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. நாடாவின் கடைசி இரண்டு மீட்டருக்குச் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். அந்த வாரம் பெய்த மழையையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஒப்பிடும்போது மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை, நிலக்கரியோடு கலந்துள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, இரும்பையும் சல்பேட்டையும் நீரில் கரைத்துவிடக்கூடும். இரும்பு மிகுந்த நீர் குழாயிலிருந்து வரும்போது தெளிவாகவே இருக்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி மறுநாள் பார்த்தால் அடியில் காவி படிந்திருக்கும். இது வீட்டுச் சோதனை மட்டுமே. ஆய்வுக்கு அனுப்ப, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, தேதி, நேரம், போரின் ஆழம் எழுதி, அன்றே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சேருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலில் ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு: கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம், சல்பேட் 200 மில்லிகிராம்; அமிலகாரக் குறியீடு (pH) 6.5 முதல் 8.5 வரை. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் உப்புக்கு 2,000, சல்பேட்டுக்கு 400 வரை அனுமதி உண்டு.

வாய்க்கால், ஏரி, பரவனாறு போன்ற ஓடுநீரில் ஒரே இடத்து மாதிரி எதையும் நிரூபிக்காது. சுரங்க நீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் ஒரே நாளில் எடுங்கள். அந்த நீரை நம்பிப் பாசனம் செய்யும் வயல்களும் இருக்கின்றன என்பதால், கறுப்பாகத் தெரிந்ததைக் கண்டதும் முடிவுக்கு வர வேண்டாம். ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் தங்கிய சேற்றை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில், நிபந்தனைகள் நிறைவேறிய விவரத்தை அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம். அதிலுள்ள நீர்மட்ட அளவுகளை உங்கள் நோட்டோடு வைத்துப் பாருங்கள். அவர்களுடைய கண்காணிப்புக் கிணறுகளின் ஆழம் அதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அதையும் கேட்டு வாங்குங்கள்; மேல்மண் கிணற்றின் அளவை உங்கள் ஆழ்போரோடு பொருத்தினால் இரண்டு தரப்பும் ஒரே நீரைப் பற்றிப் பேசியதாகாது.