‘அதேபோல்’ என்று வரும் கேள்விகள்: ஒப்புமை வாதத்தை எடைபோடுவது எப்படி?

கிளாட் (சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு), சிசாட் (யூபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாள்), ஜிமேட் (மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வு) என்று எதற்குப் படித்தாலும் இந்த வகைக் கேள்வியைப் பழகி வைத்துக்கொள்வது நல்லது. ஓரிடத்தில் ஒன்று நடந்தது, இன்னோரிடமும் அதைப் போன்றதுதான், ஆகவே அங்கும் அப்படியே நடக்கும் என்று பத்தி சொல்லும். இந்த வாதத்தை எது அதிகம் பலவீனமாக்கும் என்று கேட்பார்கள். தண்டையார்பேட்டையில் என்னோடு உட்கார்ந்து படிக்கிற தம்பி தங்கைகள் நான்கு விடைகளில் இரண்டைத் தவறென்று எளிதாக அடித்துவிடுகிறார்கள். மீதி இரண்டில் திணறுகிறார்கள். எனக்கும் அந்த இடம் பிடிபட நாளானது, அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன். முடிவு எது, ஆதாரம் எது என்று பிரிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்து விஷயத்தை வைத்து நானே அமைத்த கேள்வி இது:

‘கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. இதனால் மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் கிடைத்து வளம் காக்கப்படுகிறது. அதேபோல் எண்ணூர் கழிமுகத்திலும் 61 நாள் இறால் பிடிக்கத் தடை போட்டால், அங்கே குறைந்துவரும் இறால் மீண்டும் பெருகும்.’

அ) கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்கள் விசைப்படகு வைத்திருப்பவர்களைவிட வறியவர்கள்.
ஆ) கழிமுகத்தில் இறால் குறைந்ததற்கு முக்கியக் காரணம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததே.
இ) கடல் தடையின்போது நாட்டுப்படகுகள் மீன்பிடிக்கலாம், கழிமுகத் தடை எல்லோருக்கும் பொருந்தும்.
ஈ) கழிமுகம் கடலைவிட மிகச் சிறியது.

படி 1. எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், முடிவு என்ன என்று எழுதுங்கள். கடல், கழிமுகம், ‘இறால் பெருகும்’. போதும்.

படி 2. ‘ஏனென்றால்’ என்று தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். முதல் இடத்தில் அந்தப் பலன் ஏன் கிடைத்தது? ஏனென்றால், பிடிப்பதை நிறுத்தியதும் மீனுக்குப் பெருக அவகாசம் கிடைத்தது. அப்படியானால் கழிமுகத்திலும் இறால் குறையக் காரணம் பிடிப்புதான் என்று வாதம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. வாதம் நிற்பதும் விழுவதும் இந்த வரியில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காசிமேடு, ராயபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தடைக்காலத்தைப் பற்றிச் சொந்தக் கருத்து நிறைய இருக்கும். ‘தடையால் வளம் காக்கப்படுகிறது’ என்று பத்தி சொன்னால் தேர்வறையில் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் உடைக்க வேண்டியது அதை அல்ல, அங்கிருந்து கழிமுகத்துக்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலை.

படி 3. நிறைய பேர் தடுக்குவது இங்கேதான். நான்கு விடையும் ஏதோ ஒரு வேறுபாட்டைச் சொல்வதுபோல் இருக்கும். வேறுபாடு என்றாலே வாதம் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது ‘ஏனென்றால்’ வரியைத் தொடுகிறதா? தொட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது?

ஈ தொடவில்லை. சிறிய நீர்ப்பரப்பில் இறால் பெருகாது என்று யாரும் சொல்லவில்லை.

இ தொடுகிறது, ஆனால் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. நாட்டுப்படகுகளை விட்டுவைத்த தடையே பலன் தந்தது என்றால், எல்லோரையும் நிறுத்தும் தடை இன்னும் நன்றாகத்தானே பலன் தரும்? வேறுபாட்டின் வேடத்தில் வாதத்துக்கு வலு சேர்க்கிற விடை இது. எனக்கு மிகவும் பிடித்த பொறியும் இதுதான், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் மற்றது எளிது.

அ மனதைத் தொடும். கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதைக் கடந்துபோவது கஷ்டம். ஆனால் முடிவைத் திரும்பப் படியுங்கள். ‘இறால் பெருகும்’ என்கிறது. பிடிப்பவர் வறியவரா என்பது இறாலின் பெருக்கத்தை மாற்றாது.

இப்போது முடிவை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ‘அதேபோல் கழிமுகத்திலும் தடை போடுவது நியாயமே.’ உடனே அ உயிர் பெறுகிறது. வேறு வருமானம் இல்லாதவரை 61 நாள் நிறுத்துவது நியாயமா என்ற கேள்வி அந்த முடிவை நேராகத் தாக்குகிறது. அதே வேறுபாடுதான், முடிவு மாறியதும் எடை மாறிவிட்டது. பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு கேள்விக்கும் இப்படி முடிவை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பத்துக் கேள்வி புதிதாகப் போடுவதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

சரி, விடை ஆ. காரணம் சாம்பல் என்றால், பிடிப்பதை நிறுத்தி என்ன பயன்?

எதை வைத்துப் பயிற்சி செய்வது? செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடையைத் தொட்டதும் பச்சை, சிவப்பு காட்டிவிடுவதால் ‘ஏனென்றால்’ வரியை எழுதும் பழக்கமே வராது. அரைத்தாள், பென்சில் போதும். கேள்விகளுக்கு, கிளாட் தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரித் தாள்களும் யூபிஎஸ்சியின் பழைய தாள்களும் நல்லவை. சிசாட் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். பத்தியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு ‘ஏனென்றால்’ வரியைத் தமிழில் எழுதுங்கள். கிளாட்டில் 120 நிமிடத்துக்கு 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அதனால் தேர்வு நெருங்கும்போது இந்த வரியை மனதுக்குள்ளேயே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு விடைகள் அந்த வரியைச் சரியான பக்கமாகவே தொட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். ஈ-க்குப் பதில் ‘கழிமுகத்தில் பிடிப்பு, விசைப்படகுகளின் பிடிப்பைவிடக் குறைவு’ என்று இருந்தால்? அதுவும் பலவீனமாக்கும். ஆனால் பிடிப்பு குறைவாக இருந்தாலும், சின்னக் கழிமுகத்துக்கு அதுவே அதிகமாக இருக்கலாம். வாதத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆ அந்த வாய்ப்பையும் விடவில்லை, அதனால் அப்போதும் ஆ-வையே குறியுங்கள்.