சனசமூக நிலையத்தில் சமஷ்டி படிப்பிப்பது எப்படி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு இருந்து அரசியலமைப்பு வாசிக்கிறேன். குடியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். தேர்தலுக்குத் தேர்தல் “சமஷ்டி”, அதாவது கூட்டாட்சி, என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அது என்னவென்று கேட்டால் முழிக்கிறார்கள். எழுபது வருடத்துக்கு மேலாக ஒரு சனம் கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் அதன் பிள்ளைகளுக்கே விளங்காமல் போகக்கூடாது. உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். நான் செய்கிற விதம் இது.

முதலில், வரலாற்றில் தொடங்காதீர்கள். நான் அந்தப் பிழையை விட்டேன். 1949 இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்தேன். 1985 இல் தமிழ் இயக்கங்களும் அரசும் பேசிய திம்புப் பேச்சுவார்த்தைக்கு வருமுன்பே பின்வரிசைக் கதிரைகள் காலி. இப்போது வாசலுக்கு முன்னால் இருக்கும் ரோட்டில் தொடங்குகிறேன். மாரி மழைக்கு அதில் முழங்கால் அளவு கிடங்கு விழும். “இதை ஆர் மூடவேணும்?” என்று கேட்பேன். ஒருத்தி பிரதேச சபை என்பாள், இன்னொருவன் கொழும்பு என்பான், சண்டை தொடங்கிவிடும். சரி, அதுதான் பாடம். ஏ, பி வீதிகள் மத்திக்கு, அதாவது கொழும்பில் இருக்கும் மத்திய அரசுக்கு. சி, டி வீதிகள் மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. பிறகு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்: தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு, மற்றவை மாகாணம். ஒரு பெரிய தாளில் மூன்று நிரல் கீறி ஊரில் உள்ள ஒவ்வொன்றையும் பிள்ளைகளையே எழுதவிடுங்கள். அதிகாரப் பகிர்வு என்ற சொல்லை அதுவரை எடுக்கவே வேண்டாம்.

அடுத்ததாக, கையில் மூலத்தைக் கொடுங்கள். முழு அரசியலமைப்பும் தேவையில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் சேர்த்த மாகாண சபை அத்தியாயமும், எந்த விடயம் மத்திக்கு, எது மாகாணத்துக்கு என்று நிரல் போடும் ஒன்பதாம் அட்டவணையும் போதும். இருவருக்கு ஒரு போட்டோக்கொப்பி, ஒரு சிவப்புப் பேனை. வாசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: கொடுத்ததைக் கொழும்பு தனியாகத் திருப்பி எடுக்கலாமா? எடுக்கலாம் என்ற இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மத்திக்கு ஒதுக்கிய நிரலின் முதல் விடயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: எல்லா விடயங்களுக்கும் தேசியக் கொள்கை வகுப்பது மத்தியின் அதிகாரம். விவசாயம் மாகாணத்துக்கு என்று பக்கத்து நிரல் சொன்னாலும், “தேசியக் கொள்கை” என்று ஒரு சட்டம் போட்டு மத்தி உள்ளே வரலாம். அடுத்தது ஆளுநர். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அவர் கையில். அவரை நியமிப்பது சனாதிபதி, அவர் விரும்பும்வரைதான் பதவி. பிறகு காணி. மாகாண நிரலில் காணி என்று இருக்கும், பின்னிணைப்பைப் புரட்டினால் அரச காணி குடியரசுக்கே உரியது என்று இருக்கும். அங்கே சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. பொலிஸ் அதிகாரமும் கடதாசியிலேயே நிற்கிறது. 2013 இல் நாங்கள் வரிசையில் நின்று தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை.

தாள் முழுக்கச் சிவப்பாகும். அப்போதுதான் சமஷ்டிக்கு விளக்கம் சொல்லுங்கள்: மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் மத்தி கைவைக்க முடியாத அதிகாரம், அதைக் காக்க ஒரு நீதிமன்றம். இரண்டாம் உறுப்புரையில் இருக்கும் “ஒற்றையாட்சி” என்ற சொல் ஏன் எங்களை உறுத்துகிறது என்று பிறகு நீங்கள் விளக்கவே தேவையில்லை.

சொல்லுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். புதிய அரசியலமைப்புக்காக 2017 இல் வந்த இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் “ஏக்கிய இராஜ்ஜிய” (ஒற்றையாட்சிக்குச் சிங்களத்தில் உள்ள அதே சொல்) என்றும் தமிழில் “ஒருமித்த நாடு” என்றும் போட்டார்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே வசனத்தை இரண்டு சனம் இரண்டு விதமாக விளங்கிக்கொண்டு கைச்சாத்திட்டால் பிறகு என்ன நடக்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பெற்றோர் சிலருக்குப் பயம் வரும். 1983 இல் வந்த ஆறாவது திருத்தம் தனிநாடு கேட்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. சமஷ்டியும் அதற்குள் வருமோ என்று நினைப்பார்கள். 2017 ஓகஸ்ட் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்றைக் கோப்பில் வைத்திருங்கள். வாசலில் வந்து கேட்பவருக்கும் காட்டலாம்.

வரலாறு இப்போது வரலாம், அதுவும் சுருக்கமாக. இலங்கைக்குச் சமஷ்டி நல்லது என்று 1926 இல் எழுதியவர் பிற்காலத்தில் பிரதமரான பண்டாரநாயக்க. கண்டியச் சிங்களவர்களும் 1927 இல் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டார்கள். இது தமிழரின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே பண்டாரநாயக்க 1957 இல் செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்து அடுத்த வருடமே கிழித்தார். 1965 இல் பிரதமர் டட்லி சேனநாயக்க செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. எங்களுக்கு “திருப்பி எடுக்கலாமா” என்ற கேள்வி ஏன் இவ்வளவு பெரியது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒன்றாகப் படித்த பிள்ளைகள் கையில் ஒரு பையோடு போனார்கள். எங்களுக்கு ஒரு மாகாணம் கிடைத்தால் அதற்குள் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கு என்ன காப்பு என்று பிள்ளைகளைக் கேளுங்கள், பதிலை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு முஸ்லிம் நண்பரை அன்றைக்கு அழையுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட பின்னேரம் அதுதான்.

கடைசியாக வீட்டுவேலை. 1961 இல் தமிழ் மொழி உரிமைக்காக யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் இன்னும் சிலர் ஊருக்குள் இருக்கிறார்கள். ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசி வரச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு பெடியன் தன் அம்மம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தான். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு எப்படி வெயிலில் இருந்தார்கள் என்று அவர் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் இருந்தே காட்டினார். இப்படி வருபவர்களின் பேச்சைப் போனில் பதியுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள், பெயரையும் திகதியையும் சொல்லவைத்துத் தொடங்குங்கள், இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.